லைட் ஜெட் விமானம்: விளம்பரத் தாளை எப்படிப் படிப்பது, எதையெல்லாம் கேட்டுவிட்டு ஏறுவது

எந்த லைட் ஜெட்டின் விளம்பரத் தாளை எடுத்தாலும் நான்கு எண்கள் பெரிதாக அச்சிட்டிருக்கும்: எவ்வளவு தூரம் பறக்கும், எவ்வளவு வேகம், எத்தனை பேர், எவ்வளவு உயரம். நான்கில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரே பயணத்தில் நான்கும் சேர்ந்து கிடைப்பதில்லை. முழுத் தூரமும் போக வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லா இருக்கைகளையும் நிரப்பினால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டுதான் கிளம்ப முடியும். முதல்முறை சார்ட்டர் (முழு விமானத்தையும் வாடகைக்கு) எடுப்பவர்களும், கூட்டாகச் சேர்ந்து விமானம் வாங்க யோசிப்பவர்களும், இந்தத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

எது லைட் ஜெட்? பொதுவாக ஆறு முதல் ஒன்பது பயணிகள் வரை அமரக்கூடிய, இரண்டு என்ஜின் கொண்ட சிறிய விமானம். அமெரிக்கச் சான்றிதழ் விதிகளில் சிறிய விமானங்களுக்கு 19,000 பவுண்டு, அதாவது 8,618 கிலோ என்றொரு எடை வரம்பு உண்டு. இந்த வகுப்பின் முக்கியமான விமானங்கள் அந்த வரம்புக்குள்ளேயே நிற்கின்றன. செஸ்னா சிட்டேஷன் சிஜே3 பிளஸ், சிஜே4, எம்ப்ரேயர் ஃபீனம் 300இ ஆகியவை நடுநாயகமானவை. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-24 மேல் விளிம்பில் இருக்கிறது. ஹோண்டாஜெட்டும் சிட்டேஷன் எம்2-வும் கீழ் விளிம்பில். இந்த வகுப்புக்கே வழிகாட்டிய லியர்ஜெட் 1963-இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் உற்பத்தி 2022-இல் நின்றுபோனது. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் ஃபீனம் 300இ விமானத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2008-இல் முதலில் பறந்த ஃபீனம் 300 வரிசைதான் பல ஆண்டுகளாக இந்த வகுப்பில் அதிகம் விற்பது, வாடகைச் சந்தையிலும் எளிதில் கிடைப்பது.

முதல் படி: உங்கள் பயணத்தை எழுதிக்கொள்ளுங்கள்

விமானத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை பேர், ஒவ்வொருவரும் தோராயமாக என்ன எடை, எத்தனை பெட்டி, எந்த மாதம், பகலில் எத்தனை மணிக்கு. குழந்தையோ முதியவரோ நோயாளியோ உடன் வருகிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். சிறிய விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளோடு போட்டி போடுகிறது. பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 90 முதல் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

எந்த மாதம், எந்த நேரம் என்று ஏன் எழுத வேண்டும் என்பது நான்காம் படியில் தெரியும்.

இரண்டாம் படி: எடைக் கணக்கு

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ஆனால் புதியவர்கள் யாரும் கேட்காத கேள்வியும் இதுவே.

ஒவ்வொரு விமானத்துக்கும் அதிகபட்சப் புறப்பாட்டு எடை ஒன்று உண்டு. அதிலிருந்து காலி விமானத்தின் எடை, விமானிகள், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் கழித்தால் ஒரு மிச்சம் வரும். அந்த மிச்சத்தைத்தான் எரிபொருளும் பயணிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஃபீனம் 300இ-யின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 8,400 கிலோ. தொட்டியை நிரப்பினால் எரிபொருள் மட்டும் சுமார் 2,400 கிலோ, அதாவது மொத்த எடையில் கால் பங்குக்கும் மேல். பல லைட் ஜெட்களில் தொட்டி நிறைந்துவிட்டால் மூன்று நான்கு பேருக்கும் அவர்களுடைய பெட்டிகளுக்கும் மட்டுமே எடை மிஞ்சும். மற்ற இருக்கைகள் காலியாகத்தான் பறக்கும்.

ஆகவே விமானத்தை வாடகைக்கு விடும் நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்: "தொட்டி நிறைந்திருக்கும்போது எத்தனை கிலோ ஏற்றலாம்? எங்கள் எடை முழுவதையும் ஏற்றினால் எத்தனை கிலோ எரிபொருளோடு கிளம்புவீர்கள், அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்?" இந்த இரண்டு கேள்விக்கும் அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எண்களை வைத்துப் பதில் வர வேண்டும். ஒரே மாடலில்கூட உள்ளலங்காரம் கனமாக இருக்கும் விமானத்துக்கு ஏற்றும் திறன் குறையும். மரப்பலகையும் கல் பதித்த மேசையும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த எடைக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாம் படி: தூரத்தை நம்பும் விதம்

ஃபீனம் 300இ-யின் பயண எல்லை 2,010 கடல்மைல் என்று அதைத் தயாரிக்கும் எம்ப்ரேயர் சொல்கிறது. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், ஆக சுமார் 3,720 கிலோமீட்டர். அந்த எண்ணுக்குப் பின்னால் சில நிபந்தனைகள் இருக்கின்றன. விமானிகளையும் சேர்த்து ஐந்து பேர்தான் ஏறியிருக்க வேண்டும். காற்று வீசக் கூடாது. சிக்கன வேகத்தில் பறக்க வேண்டும். இறங்க முடியாமல் போனால் 100 கடல்மைல் தள்ளியுள்ள மாற்று நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் சிறிது நேரம் வானில் காத்திருக்கவும் எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நேஷனல் பிசினஸ் ஏவியேஷன் அசோசியேஷன் வகுத்த அளவுகோல் இது. எல்லா விமானங்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க இது மிகவும் உதவும். உங்கள் பயணத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காற்று எவ்வளவு மாற்றும் என்பதற்கு அமெரிக்காவையே பாருங்கள். நியூயார்க் பக்கம் உள்ள டெட்டர்போரோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் உள்ள வான் நைஸ் வரை சுமார் 2,100 கடல்மைல். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் எதிர்ப்பதாக வைத்துக்கொள்வோம். 400 நாட்டில் பறக்கும் விமானம் தரைக்கு 320 நாட்டில்தான் நகரும். காற்றுக்குள் அது கடக்க வேண்டிய தூரம் 2,600 கடல்மைலைத் தாண்டிவிடும். எந்த லைட் ஜெட்டும் நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் திட்டமிடும்போது விளம்பர எல்லையில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் வைப்பேன். அப்படிப் பார்த்தால் 2,010 என்பது சுமார் 1,500 ஆகிறது. சென்னையிலிருந்து டெல்லி சுமார் 950 கடல்மைல். ஆறு ஏழு பேரோடு நிம்மதியாகப் போகலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,570. நான்கு பேர் என்றால் போகலாம். ஏழு பேர் என்றால் வாய்வார்த்தையில் "போகும் சார்" என்று சொல்வதை ஏற்காமல், எழுத்தில் கணக்கு வாங்குங்கள்.

நடுவில் ஒரு முறை இறங்கி எரிபொருள் நிரப்புவது பெரிய இழப்பில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கால் நீட்டவும் நேரம் கிடைக்கும். இறங்காமலே போயாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் எரிபொருளை விளிம்பு வரை கணக்குப் போடும் நிறுவனத்தைவிட, "நடுவில் ஒரு நிறுத்தம் வைப்போம்" என்று முன்பே சொல்லும் நிறுவனத்தை நான் அதிகம் நம்புவேன்.

நான்காம் படி: ஓடுபாதை, வெயில், மலை

ஃபீனம் 300இ புறப்பட 3,209 அடி (978 மீட்டர்) போதும், இறங்க 2,212 அடி (674 மீட்டர்) போதும் என்று தாளில் இருக்கும். கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் எடுத்த அளவு அது. நம் ஊரில் 15 டிகிரி எங்கே கிடைக்கிறது?

வெப்பம் கூடினால் காற்று லேசாகும். இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், என்ஜினுக்குத் தள்ளும் சக்தி குறையும். இதை அளக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. விமான நிலையம் இருக்கும் உயரத்தில் இயல்பாக இருக்க வேண்டிய வெப்பத்தைக் கண்டுபிடியுங்கள்: கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 2 டிகிரி குறையும். உண்மையான வெப்பம் அதைவிட எத்தனை டிகிரி அதிகமோ, ஒவ்வொன்றுக்கும் 120 அடியை நிலையத்தின் உயரத்தோடு கூட்டுங்கள். விமானம் உணரும் உயரம் கிடைத்துவிடும்.

கொலராடோவின் ஆஸ்பென் நிலையம் சுமார் 7,800 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே இயல்பு வெப்பம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. கோடைப் பிற்பகலில் 25 டிகிரி என்றால், விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 10,900 அடி. ஓடுபாதை 8,000 அடி நீளம் இருப்பதால் நீளம் பெரிய பிரச்சினை ஆகாது. சுற்றிலும் மலை. ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்ற என்ஜினை வைத்து அந்த மலைகளைத் தாண்டி ஏற முடிய வேண்டும் என்பதுதான் அங்கே எடையைக் கட்டுப்படுத்துகிறது. நமக்கு அருகில் பெங்களூரு எச்.ஏ.எல். நிலையம் சுமார் 2,900 அடி. ஏப்ரலில் 35 டிகிரி அடிக்கும் மதியத்தில் அதுவே 6,000 அடி மாதிரி ஆகிவிடும். அதே விமானம், அதே ஆட்கள், காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கூடுதல் எரிபொருளோடு கிளம்பலாம். நேரத்தையும் மாதத்தையும் முதலிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இறங்குவதிலும் விமானத்தின் திறனும் சட்டம் அனுமதிப்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் வாடகைக்குப் பறக்கும் விமானம், பொதுவாக ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2,212 அடியை 60 சதவீதமாக வைத்தால் ஓடுபாதை ஏறக்குறைய 3,700 அடி இருக்க வேண்டும். மழையில் நனைந்திருந்தால் இன்னும் அதிகம். சொந்த விமானத்தில் போகிறவருக்கு இந்த 60 சதவீதக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்த இடைவெளியை விட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தார் போடாத ஓடுபாதையில் இறங்க வேண்டிய தேவை இருந்தால், பிசி-24 மட்டும் தனி ரகம். புல், சரளை, மண் ஓடுபாதைகளுக்கென்றே அதை வடிவமைத்தார்கள். பின்பக்கம் பெரிய சரக்குக் கதவும் உண்டு. ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே ஏற்றலாம். விமானத்தில் மருத்துவ உதவி தரும் ஆஸ்திரேலியாவின் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் அதை வாங்கியதற்கு இவையெல்லாம் காரணம்.

ஐந்தாம் படி: வேகத்துக்கு அதிகம் கொடுக்காதீர்கள்

ஃபீனம் 300இ அதிகபட்சம் 464 நாட். சிஜே3 பிளஸ் 416 நாட். கேட்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியும். 600 கடல்மைல் பயணத்தில் ஏறுவதையும் இறங்குவதையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஒன்றுக்கு 78 நிமிடம், மற்றதற்கு 87 நிமிடம். ஒன்பது நிமிடம்தான் வித்தியாசம். காரில் விமான நிலையம் போகும் வழியில் ஒரு சிக்னலும் ஒரு பால வேலையும் அதைச் சாப்பிட்டுவிடும். குறுகிய பயணத்துக்கு வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆயிரம் கடல்மைலுக்கு மேல் அடிக்கடி பறப்பவருக்கு மட்டும் அது பொருட்படுத்தத்தக்கது.

உயரமும் அப்படியே. இந்த இரண்டு விமானங்களும் 45,000 அடி வரை ஏறச் சான்று பெற்றவை. அங்கே பெரிய விமானங்களின் நெரிசல் இல்லை; பல நேரம் மேகங்களுக்கும் மேலே போய்விடலாம், எரிபொருளும் குறைவாகச் செலவாகும். ஆனால் கனமாகக் கிளம்பினால் நேராக அந்த உயரத்துக்குப் போக முடியாது. எரிபொருள் செலவாகி எடை குறைந்த பிறகே போக முடியும். அமெரிக்க விதிப்படி 41,000 அடிக்கு மேல் ஒரு விமானி ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் 41,000-இலேயே நிறுத்திக்கொள்ளும் விமானிகளும் உண்டு.

ஆறாம் படி: கேபின் வசதி

தோல் இருக்கையும் மடக்கு மேசையும் எல்லா விமானத்திலும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது நீங்கள் களைத்திருப்பீர்களா இல்லையா என்பதை வேறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது காற்றழுத்தம். விமானம் 45,000 அடியில் இருந்தாலும் உள்ளே காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். எவ்வளவு அடைக்கலாம் என்பது விமானத்தின் உடல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைப் பொறுத்தது. சிஜே3 பிளஸ் விமானத்தில் 45,000 அடியில் உள்ளே இருக்கும் காற்று சுமார் 8,000 அடி உயரத்துக் காற்றுக்குச் சமம். அது ஊட்டியைவிட உயரம். ஃபீனம் 300இ-யில் அதே உயரத்தில் உள்ளே 6,600 அடி. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே. ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரப் பயணத்தில் இந்த வித்தியாசத்தை உணரமாட்டார். நான்கு மணி நேரம் போனாலோ, ஆஸ்துமா உள்ள தாத்தா உடன் வந்தாலோ நன்றாகவே தெரியும். தலைவலி, தூக்கக் கலக்கம், வறட்சி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இதயமோ நுரையீரலோ பலவீனமான ஒருவரைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், முதலில் மருத்துவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு கேபின் உயரத்தை, அதாவது உள்ளே இருக்கும் காற்று எந்த உயரத்துக்குச் சமமோ அதை, தாழ்வாக வைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஃபீனம் மாதிரி உறுதியான உடல் கொண்ட விமானத்தில், சுமார் 25,000 அடிக்குள் பறந்தால் உள்ளே கடல்மட்ட அழுத்தத்தையே வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் அதிகம் செலவாகும், தூரம் நன்றாகக் குறையும். ஆகவே இதைக் கிளம்பும் நாளில் சொல்லாமல் பேசி முடிக்கும்போதே சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்குக் காது அடைப்பதும் இதோடு சேர்ந்ததே. உள்ளே 8,000 அடி அழுத்தம் இருந்து, 20 நிமிடத்தில் கடல்மட்டத்தில் இறங்கினால் நிமிடத்துக்கு 400 அடி வீதம் அழுத்தம் மாறுகிறது. சளி பிடித்த குழந்தைக்கு அது வேதனை. "கொஞ்சம் முன்கூட்டியே மெதுவாக இறக்கத் தொடங்க முடியுமா?" என்று விமானியிடம் கேளுங்கள். பெரிய விமானத்தில் கேட்க முடியாத இதை இங்கே தாராளமாகக் கேட்கலாம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இடம் கொடுத்தால் செய்து தருவார்கள். இறங்கும் நேரத்தில் பாலோ தண்ணீரோ கையில் இருக்கட்டும்.

இரண்டாவது உயரமும் அகலமும். ஃபீனம் 300இ-யின் உள்ளுயரம் 1.50 மீட்டர், அகலம் 1.55 மீட்டர். சிஜே3 பிளஸ், சிஜே4 உள்ளுயரம் 1.45 மீட்டர். எந்த லைட் ஜெட்டிலும் வளர்ந்தவர் நிமிர்ந்து நிற்க முடியாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பல விமானங்களில் இந்த உயரம் நடைபாதையை மட்டும் பள்ளமாக்கிக் கிடைத்தது. இருக்கையிலிருந்து எழும்போது கால் தடுக்கும். பிசி-24-இல் தளம் முழுக்கச் சமம், அகலமும் 1.69 மீட்டர். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தத் தட்டையான தளமும் அகலமான படிக்கட்டும் சென்டிமீட்டர் கணக்கைவிட முக்கியம். முடிந்தால் ஒருநாள் முன்னதாக, விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். எதிரெதிராக இருக்கும் நான்கு இருக்கைகளிலும் ஆள் உட்கார்ந்தால்தான் முட்டி இடிக்கிறதா என்பது தெரியும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது, என்ஜின்கள் பின்னால் இருப்பதால் முன்பக்கம் அமைதி அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். குலுக்கலுக்குப் பயப்படுபவர்களை இறக்கைக்கு நேராக உட்கார வையுங்கள். ஹோண்டாஜெட்டில் என்ஜின்களை இறக்கையின் மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் உடலின் பின்பகுதியில் என்ஜினைத் தாங்கும் கட்டமைப்பு தேவைப்படாமல் உள்ளே இடம் கூடியது.

கழிவறையைப் பற்றிக் கேட்கத் தயங்கவே தயங்காதீர்கள். திரை மட்டுமா, திடமான கதவா? தண்ணீர் வருமா? ஒன்பது இருக்கை என்று சொல்வதில் ஒன்று பெல்ட் வைத்த கழிவறை இருக்கையாக இருக்கலாம். பெண்களும் முதியவர்களும் உடன் வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், மற்ற எதையும்விட இதுதான் வசதியைத் தீர்மானிக்கிறது.

பெட்டிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து திறக்கும் அறைகளில் போகும். பறக்கும்போது எடுக்க முடியாது. மருந்து, குழந்தை உடை, சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பிசி-24-இல் மட்டும் பறக்கும்போதும் பின்னால் போய்ப் பெட்டியை எடுக்கலாம். வீணை, சக்கர நாற்காலி, கோல்ஃப் பை மாதிரி நீளமான பொருள் இருந்தால் அளவைச் சென்டிமீட்டரில் அனுப்புங்கள். கொள்ளளவு போதுமானதாக இருந்தும் கதவு சிறியதாக இருந்து ஏறாமல் போகலாம்.

அப்புறம் ஏசி. பெரிய ஜெட்களில் தரையில் நிற்கும்போது மின்சாரம் தர ஒரு சிறு என்ஜின் தனியாக இருக்கும். பெரும்பாலான லைட் ஜெட்களில் அது கிடையாது. மே மாத மதியத்தில் சென்னை வெயிலில் நின்ற விமானத்தின் உள்ளே ஏறினால் முதல் பத்து நிமிடம் வேகும். பிசி-24-இல் வலப்பக்க என்ஜினையே மெதுவாக ஓட்டி மின்சாரம் எடுக்கும் வசதி இருக்கிறது. மற்றவற்றுக்குத் தரையிலிருந்து மின்சாரம் தரும் வண்டி வேண்டும். "ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே தரை மின்சாரம் கொடுத்துக் குளிர்வித்து வையுங்கள்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: கையெழுத்துப் போடும் முன்

இந்த விமானங்கள் பலவும் ஒரே விமானி ஓட்டச் சான்று பெற்றவை. நீங்கள் இரண்டு விமானிகளைக் கேளுங்கள். கூடுதல் செலவு என்று சொன்னாலும் விடாதீர்கள். கனமழையில், பழக்கமில்லாத நிலையத்தில், இரவில், இரண்டாவது ஜோடிக் கண்ணுக்கு ஈடு எதுவும் இல்லை.

அனுமதியைச் சரிபாருங்கள். இந்தியாவில் வாடகைக்குப் பறக்க விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. வழங்கும் நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் (கால அட்டவணை இல்லாமல் பறக்கும் நிறுவனம்) அனுமதி வேண்டும். அமெரிக்காவில் அதற்கு இணையானது விமான விதிகளின் பகுதி 135-இன் கீழ் தரப்படும் சான்றிதழ். நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் ஏறப்போகும் அதே பதிவெண் விமானம் அந்த அனுமதியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனியார் பயன்பாட்டுக்குப் பதிவான விமானத்தை நண்பர் மூலம் மலிவாக ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடலாம்.

கட்டணத்தில் பறக்கும் மணி நேரம் ஒரு பகுதி மட்டுமே. விமானம் வேறு ஊரிலிருந்து காலியாக உங்களிடம் வந்து, உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நேரத்துக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்த வகுப்பு விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 550 முதல் 700 லிட்டர் எரிபொருள் குடிப்பவை, காலியாகப் பறந்தாலும் செலவு பெரிதாகக் குறையாது. விமானிகள் இரவு தங்கும் செலவு, நிறுத்தக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டு மொத்தத் தொகையாக எழுதி வாங்குங்கள். விமானம் பழுதானால் மாற்று விமானம் எது, அதன் கேபின் அளவு என்ன என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஃபீனம் 300இ என்று நம்பி வந்த ஏழு பேரைச் சிட்டேஷன் எம்2-வில் ஏற்ற முயன்றால் இரண்டாம் படியில் போட்ட எடைக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.